லிங்குவாப் பிரச்சினை

யோகாம்பாளின் நாக்கில் புண் வந்தது மாசி மாதக் கடைசியில். இடது ஓரத்தில், கடைவாய்ப்பல் உரசும் இடத்தில், ஒரு பயறளவுக்கு. முதல் இரண்டு மூன்று நாள் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தேத்தண்ணியைச் சூடாகக் குடித்திருப்பேன் என்று நினைத்தாள். ஏழாம் நாள் சோற்றோடு மிளகாய்த்தூள் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. பத்தாம் நாள் பேச்சே சரியாக வரவில்லை. லகரமும் ரகரமும் வாய்க்குள்ளேயே வழுக்கி விழுந்தன.

இது வேறு யாருக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. யோகாம்பாளுக்கு வந்திருக்கக் கூடாது. அவள் இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோவுக்கு வந்து பதினேழு வருடம். ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோர உணவகம் ஒன்றின் குசினியில் மீன் வெட்டிச் சுத்தம் செய்வது அவள் வேலை. மீன்காரர்கள் முந்தாநாள் கணவாயை இன்றையது என்று தள்ளிவிடப் பார்த்தால், முதலாளி அவளைத்தான் முன்னுக்கு அனுப்புவார். அவள் இத்தாலிய மொழியில் மரியாதையாகத் தொடங்கி, கோபம் ஏறியதும் சிசிலியப் பேச்சுக்கு மாறி, மீன்காரன் கூடையைத் திருப்பித் தூக்கும்வரை விடமாட்டாள். போர்கோ வெக்கியோவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் தண்ணீர் நின்றுபோனால், சிசிலியப் பெண்களே வந்து அவள் கதவைத் தட்டி, "நீ வந்து கதை" என்று கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்டவள்தான் பன்னிரண்டாம் நாள் கிளினிக்குக்கு போன் எடுத்தாள். நாலு டொக்டர்மார் சேர்ந்து நடத்தும் இடம் அது. முன்கூட்டியே நேரம் வாங்காமல் உள்ளே போக முடியாது. நேரம் கொடுப்பது ரோசாலியா என்ற செயலாளர்.

"எனக்கு லிங்குவாவில் பிரச்சினை," என்றாள் யோகாம்பாள்.

இத்தாலிய மொழியில் நாக்கும் லிங்குவாதான், மொழியும் லிங்குவாதான். சாதாரணமாக இதனால் ஒருவருக்கும் ஒரு கேடும் இல்லை. பலெர்மோக்காரி ஒருத்தி லிங்குவாவில் பிரச்சினை என்றால், வாயைத் திற என்பார்கள். வெளிநாட்டுப் பெயர் உள்ள ஒருத்தி, அதுவும் வீங்கிய நாக்கோடு குழறிக் குழறிச் சொன்னால், கேட்பவர் மனதில் வேறு கதவு திறந்துவிடுகிறது.

"புரிகிறது சிஞ்ஞோரா. பயப்படாதீர்கள்." ரோசாலியாவின் குரல் சட்டென்று மெதுவாகியது. காது மந்தமானவரோடு பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "நாங்கள், உங்களுக்கு, உதவுவோம்."

"மொழி இல்லை. என் லிங்குவா. என்னுடைய லிங்குவா!"

'மொழி இல்லை' என்பதற்கும் அவள் வேறு சொல்லுக்கு எங்கே போவாள்? அதுவும் லிங்குவாதான்.

"ஆம் சிஞ்ஞோரா, உங்களுடைய லிங்குவா. தமிழ்தானே? இங்கே பதிவில் இருக்கிறது."

"ஃபா மாலே!" என்று கத்தினாள் யோகாம்பாள். நோகிறது என்று அர்த்தம். "ஃபா மாலே லா லிங்குவா!"

அவள் வாயிலிருந்து அது எப்படிப் புறப்பட்டதோ, அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது "பார்லோ மாலே லா லிங்குவா" என்று ஆகிவிட்டது. எனக்கு மொழி சரியாகப் பேச வராது என்று அதற்கு அர்த்தம்.

"அப்படிச் சொல்லாதீர்கள், நீங்கள் நன்றாகத்தான் முயற்சி செய்கிறீர்கள்," என்று ஆறுதல் சொல்லிவிட்டு ரோசாலியா போனை வைத்துவிட்டாள். பின்னால் இன்னும் இரண்டு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

ஐந்து நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. இரண்டு கிழமை கழித்து வியாழக்கிழமை காலை பத்தரை மணி, தமிழ் மொழி உதவியாளருடன். இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

யோகாம்பாள் போனை மேசையில் போட்டுவிட்டு, "பதினேழு வருசம்!" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதுவும் குழறித்தான் வந்தது.

புருஷன் தில்லையம்பலத்துக்கு அவள் இதை மறைத்துத்தான் வைத்திருந்தாள். அவர் சியாகுல்லியில் தோட்டமொன்றில் மண்டரின் தோடம்பழம் ஆய்பவர். மற்ற எல்லா இடத்திலும் பழம் முடிந்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும் வகை அது. சித்திரை வரைக்கும் அவருக்கு ஓய்வில்லை. தோட்டத்தில் கூட வேலை செய்கிறவர்களும் தமிழர்கள் என்பதால் அவருக்கு இத்தாலிய மொழி அவ்வளவாக வராது. மகள் கேசினி தொரினோவில் தாதியர் படிப்பில் இருந்தாள். பரீட்சை நேரத்தில் அவளைக் கலைக்க வேண்டாம் என்று அவளுக்கும் சொல்லவில்லை. மறைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. தில்லையம்பலத்தின் தமையன் பேரின்பநாயகம் வாயில் வந்த புற்றுநோயால்தான் செத்தார். கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோன நேரம், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் அவள் மருந்துக் கடைக்குப் போனாள். அங்கே பேச்சே வைத்துக்கொள்ளாமல் நேரே வாயைத் திறந்து காட்டினாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எத்தனை நாள்?"

"பதினாறு."

"இதற்குப் பூச்சு மருந்து தரலாம், சிஞ்ஞோரா. ஆனால் தந்துவிட்டு நான் பேசாமல் இருக்கக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணை டொக்டர் பார்க்க வேண்டும். கெதியாகப் பார்க்க வேண்டும்."

அன்று பின்னேரம் தில்லையம்பலம் ஒரு பை நிறைய மண்டரின் பழத்தோடு வந்தார். ஒன்றை உரித்து, சுளையைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"ஒரு கிழமையாப் பாக்கிறன். கஞ்சியைத்தான் குடிக்கிறாய். கதைக்கிறதும் இல்லை. நீ கதைக்காட்டி இந்த வீடு வீடாவே இல்லை. என்ன யோகம்?"

"ஒண்டுமில்லை."

"வாயைத் திற."

அவர் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கையிலிருந்த சுளைகளை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் தோலுக்குள் அடுக்கினார்.

"அண்ணைக்கும் இப்பிடித்தான் துவங்கினது," என்றார்.

"வாயைக் கழுவுங்கோ! உங்கடை அண்ணை நாள் முழுக்க வெத்திலையும் புகையிலையும் போட்ட மனுசன். நான் என்ன போட்டனான்? வியாழக்கிழமை டொக்டரிட்டைப் போறன். எல்லாம் சரி வரும்."

"எந்த வியாழன்?"

"இந்த வியாழன் இல்லை, அடுத்த கிழமை."

"ஏன் அவ்வளவு நாள்?"

ஏன் என்று அவரிடம் சொல்லி விளங்கப்படுத்தப் பார்த்தாள். பாதியில் நாக்கு நொந்தது, மீதியில் ஆத்திரம் வந்தது, விட்டுவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நேரே கிளினிக் வாசலில் போய் நின்று அழைப்புமணியை அழுத்தினாள். சுவரிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து ரோசாலியாவின் குரல் வந்தது. கமரா இல்லாத பழைய பெட்டி. இருந்திருந்தால் நாக்கை நீட்டிக் காட்டியிருப்பாள்.

"லிங்குவா!" என்றாள் யோகாம்பாள். "அவசரம்!"

"அடடா, நீங்களா? வியாழக்கிழமை, சிஞ்ஞோரா. உதவியாளர் வியாழக்கிழமைதான் வருவார். வி-யா-ழன்."

"உதவியாளர் வேண்டாம்! புண்! லிங்குவாவில் புண்!"

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்துகொண்டு போனது. பெட்டி கிளிக் என்று அணைந்தது. திரும்ப அழுத்தினாள். ஒருவரும் எடுக்கவில்லை. மரக்கறிப் பையோடு அவ்வழியாக வந்த ஒரு வயதானவர் நின்று, அனுதாபத்தோடு தலையாட்டினார். "கஷ்டமான மொழிதான், சிஞ்ஞோரா. என் மருமகள் போலந்துக்காரி. அவளுக்கும் வர ஆறு வருடம் எடுத்தது. தைரியத்தை விடாதீர்கள்."

யோகாம்பாள் அவருக்கு நன்றி சொன்னாள். வேறென்ன செய்வது? பிறகு கைப்பையில் கிடந்த மருந்துக்கடைத் துண்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எல்லாவற்றையும் எழுதி, தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள். அந்தத் துண்டுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கடைசியில் வியாழக்கிழமை வந்தது. இருபத்தாறாம் நாள். காத்திருப்பு அறையில் பருத்திக் குர்தாவும் தோள்பையுமாக ஒரு பெண் அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். வயது இருபத்தேழு இருக்கும்.

"வணக்கம் ஆன்ட்டி. நான் நிவேதிதா. சென்னை. இங்க யுனிவர்சிட்டியில மொழியியல்ல ஆராய்ச்சி பண்றேன். உங்களுக்காக மொழிபெயர்க்க வந்திருக்கேன். என்ன பிரச்சினைன்னு முதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

தமிழில் கேட்க ஒரு ஆள் வந்ததே என்று யோகாம்பாளுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. "நாக்கிலை சரியான நோ, பிள்ளை," என்றாள்.

நிவேதிதா காத்திருந்தாள். "நாக்குல சரியான...?"

"நோ."

"நோவா? வேண்டாம்னு சொல்றீங்களா?"

யோகாம்பாள் கண்ணை மூடித் திறந்தாள். இத்தாலிய மொழிதான் கைவிட்டது என்றால், இப்போது தமிழுமா? "நோ எண்டா வலி! நோகுது! வலிக்குது! விளங்குதோ?" என்று சொல்லி, வாயைத் திறந்து காட்டினாள்.

"ஐயோ," என்றாள் நிவேதிதா. அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ ஆன்ட்டி. இது எப்பலேர்ந்து? எங்கிட்ட வந்த தாள்ல 'லிங்குவா பிரச்சினை'ன்னுதான் போட்டிருந்துது. நான் மொழின்னு நினைச்சேன்."

"எல்லாருந்தான் நினைச்சவை."

டொக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. நல்லவர் மாதிரித்தான் தெரிந்தார். ஆனால் யோகாம்பாள் உட்கார்ந்த நேரத்திலிருந்து அவர் கண் கணினித் திரையிலும் நிவேதிதாவின் முகத்திலும் மாறி மாறி இருந்ததே தவிர, யோகாம்பாள் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லுங்கள், சிஞ்ஞோராவுக்கு என்ன?" என்று நிவேதிதாவைக் கேட்டார்.

நிவேதிதாவின் இத்தாலிய மொழி புத்தகத்தில் படித்தது. இலக்கணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வர நேரம் எடுத்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த அம்மையாருக்கு லிங்குவாவில் ஒரு பிரச்சினை இருக்கிறது," என்றாள்.

"தெரியும். இங்கே எழுதியிருக்கிறது. அதற்காகத்தானே உங்களை அழைத்தோம்."

"இல்லை, அந்த லிங்குவா அல்ல. இது, அதாவது..." நிவேதிதா பதறிப்போனாள். பதறினால் அவளுக்குச் சொல் வராது. "உடலின் லிங்குவா."

"உடல்மொழியா?" என்றார் டொக்டர்.

அதோடு யோகாம்பாளின் பொறுமை முடிந்தது. அவள் எழுந்தாள். மேசையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து, டொக்டரின் முகத்துக்கு நேரே நாக்கை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள். டொக்டர் கதிரையோடு பின்னால் போனார். நாற்பத்தொன்பது வயதில், ஒரு டொக்டருக்கு, அவருடைய அறையிலேயே பழிப்புக் காட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று யோகாம்பாள் நினைத்தாள். நினைத்துக்கொண்டும் நாக்கை உள்ளே எடுக்கவில்லை.

டொக்டர் திரையை விட்டுவிட்டுப் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, விளக்கை எடுத்து, எழுந்து வந்தார். நாக்கைத் துணித்துண்டால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினார். கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது எத்தனை நாளாக?" இப்போது யோகாம்பாளைப் பார்த்தே கேட்டார்.

"இருபத்தாறு நாள், டொக்டர். இதைச் சொல்லத்தான் பதினாலு நாளாக உங்கள் கதவை இடிக்கிறேன். எனக்கு இத்தாலிய மொழி தெரியும். மொழியில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. மொழிதான் என்னோடு பிரச்சினை பண்ணுகிறது!"

குழறல்தான். ஆனாலும் ஒரு சொல்லும் தப்பாமல் டொக்டருக்கு விளங்கியது. அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னை மன்னியுங்கள்," என்றார். பிறகு அவசரக் கடிதம் ஒன்றை எழுதி, தானே போன் எடுத்து, மறுநாள் காலைக்கே ஆஸ்பத்திரியில் வாய்நோய்ப் பகுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் தில்லையம்பலமும் வேலைக்குப் போகாமல் கூட வந்தார். யாரும் கேட்காமலே நிவேதிதாவும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் மூன்று பேரும் பிளாஸ்டிக் கதிரையில் வரிசையாக இருந்தார்கள். தில்லையம்பலம் சேர்ட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். நிவேதிதா, தன்னால்தான் எல்லாம் கெட்டது என்பதுபோல, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"ஆன்ட்டி, இது உங்க தப்பும் இல்லை, எந்தப்பும் இல்லை. லத்தீன்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லு, லிங்குவா. அதுலேர்ந்து வந்ததெல்லாம் அப்படியே இருக்கு. பிரெஞ்சுல லாங். ஸ்பானிஷ்ல லெங்குவா. போர்ச்சுகீஸ்லயும் லிங்குவாதான். ருமேனியாவுல லிம்பா. எல்லாத்துலயும் நாக்கும் அதேதான், மொழியும் அதேதான். இங்கிலீஷ்ல லாங்குவேஜ்னு சொல்றமே, அதுகூட இதே வேர்தான். இங்க எல்லாரும் சாப்பிடுற லிங்குவினி பாஸ்தா இருக்கே, அது குட்டி நாக்குன்னு அர்த்தம்."

"எனக்கு இப்ப இது தேவையோ, பிள்ளை?"

"இல்ல ஆன்ட்டி. சாரி."

உள்ளே யாரோ பல்லைக் குடையும் இரைச்சல் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட இந்தப் பெட்டையின் கதையே மேல் என்று யோகாம்பாளுக்குப் பட்டது.

"அப்ப ஒரு நாட்டிலையும் ரெண்டுக்கும் ரெண்டு சொல் இல்லையோ?"

நிவேதிதாவின் முகம் மலர்ந்தது. "ஜெர்மன்ல இருக்கு! நாக்குக்கு ட்சுங்கே, மொழிக்கு ஷ்ப்ராஹே. நம்ம தமிழ் மாதிரியே வேற வேற."

யோகாம்பாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களோ? உங்கடை தங்கச்சி அப்பவே ஜெர்மனிக்கு வரச் சொன்னவ. குளிர் எண்டு நிண்டது ஆர்?"

தில்லையம்பலம் அன்று முதல்முறையாகச் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். யோகாம்பாள் அவர் கையைப் பிடித்து, திருகித் திருகி நூல்விட்டிருந்த பொத்தானிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே இருந்த நிபுணர் ஒரு நிமிடத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு மூலை உடைந்து, கண்ணாடித்துண்டுபோலக் கூராக நின்றது. நாக்கு அசையும்போதெல்லாம் அது கீறிக்கொண்டிருந்தது. அதிகம் பேசுகிறவர்களுக்கு ஆற நேரம் எடுக்கும் என்றார் அவர். யோகாம்பாள் அதைப் பகிடியாக எடுப்பதா, வேறு விதமாக எடுப்பதா என்று தீர்மானிப்பதற்குள் அவர் பல்லை அராவி மழுக்கிவிட்டார். "பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனால் இவ்வளவு நாள் போனதால் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். பன்னிரண்டு நாள் பொறுங்கள்."

அந்தப் பன்னிரண்டு நாளும் எப்படிப் போனது என்று அவள் பிறகு யாருக்கும் சொன்னதில்லை. தில்லையம்பலம் சமைத்தார். உப்பில்லாத பருப்பும் குழைந்த சோறும் ஒவ்வொரு நாளும். அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டதே அவருக்குப் பயமாக இருந்தது. புண் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. அவள் கண்ணாடியில் பார்ப்பாள், நம்பலாமா என்று யோசிப்பாள், போய்ப் படுப்பாள்.

முடிவு ஒரே ஒரு தாளில் வந்தது. யோகாம்பாள் அதை ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே வாசித்தாள். 'லிங்குவாவின் இடது ஓரம்' என்று தொடங்கியது. உரசலால் வந்த புண். கெட்ட அறிகுறி எதுவும் இல்லை. அந்தக் கடைசி வசனத்தை மூன்றுமுறை வாசித்துவிட்டுத் தில்லையம்பலத்துக்கு போன் எடுத்தாள். தோட்டத்தில் ஏணியின் மேல் நின்றவர், "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அங்கே யாரோ அவரைப் பிடித்துக் கீழே இறக்கும் சத்தம் கேட்டது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கிளினிக்குக்கு நடந்தாள். யாரோ வெளியே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, ரோசாலியாவின் கண்ணாடித் தடுப்பின் முன்னால் போய் நின்றாள். ரோசாலியா சின்ன உருவம், மூக்கில் சறுக்கும் கண்ணாடி, இரண்டு காதிலும் இரண்டு போன். யோகாம்பாள் நினைத்திருந்த அரக்கி இல்லை.

"என் பெயர் யோகாம்பாள். லிங்குவாவில் பிரச்சினை என்று போன் எடுத்தவள்."

ரோசாலியா இரண்டு போனையும் வைத்துவிட்டாள். "டொக்டர் சொன்னார்," என்றாள். "நான் மூன்று நாள் நித்திரை கொள்ளவில்லை, சிஞ்ஞோரா. இப்போது எப்படி?"

"தப்பிவிட்டேன். பதிவில் எனக்கு மொழி தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அழியுங்கள்."

ரோசாலியா திரையைப் பார்த்தாள். தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். "அழிக்க முடியாது. ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். கீழே புதிதாகச் சேர்க்கலாம்."

யோகாம்பாளுக்குத் தலை சுற்றியது. "சரி, சேருங்கள். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். நோயாளி இத்தாலிய மொழி நன்றாகப் பேசுவார். சிசிலியப் பேச்சும் பேசுவார். அவருக்கு நொந்தது நாக்கு."

ரோசாலியா ஒரு சொல்லும் விடாமல் தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினாள். எழுத்துப்பிழை இல்லை. ஆனால் மேலே பழைய வரி இருந்தபடியே இருந்தது. மொழி தெரியாதவர் என்று மேலே, நன்றாகத் தெரிந்தவர் என்று கீழே.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் ரோசாலியா குரலைத் தாழ்த்தி. "மேல் வரி இருக்கிறவரைக்கும், நீங்கள் எப்போது நேரம் வாங்கினாலும் கணினி தானாகவே உதவியாளரை அழைத்துவிடும். அதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை."

யோகாம்பாள் அவளை முறைத்தாள். கத்துவதற்கு வாய் இப்போது சரியாகத்தான் இருந்தது. நன்றாகவே கத்தலாம். ஆனால் எதிரே இருந்தவளின் கண்ணாடி மூக்கு நுனிவரைக்கும் சறுக்கியிருந்தது. காதுக்கருகில் போன் மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தது. கத்தி ஒரு பிரயோசனமும் இல்லை. வெளியே வந்து, தெருவோரத்தில் நின்று நிவேதிதாவுக்கு எடுத்தாள்.

"பிள்ளை, ஒண்டுமில்லையாம். நல்ல முடிவு வந்திட்டுது."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் ஒலி. "ரொம்ப சந்தோஷம், ஆன்ட்டி. ரொம்ப ரொம்ப."

"இன்னொண்டு. அடுத்த மாசம் எட்டாம் திகதி டொக்டர் திரும்ப வரச் சொன்னவ. நீரும் வரவேணுமாம், எனக்கு மொழிபெயர்க்க."

"உங்களுக்கா?"

"கம்பியூட்டர் விடாதாம். நீர் வாரும். நான் உமக்கு மொழிபெயர்க்கிறன்." சொல்லும்போதே அவளுக்கு எரிச்சல் திரும்ப வந்தது. அதற்கு மேல் சிரிப்பும் வந்தது. "அதுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாரும். இந்த மனுசன்ரை உப்பில்லாச் சமையலைத் திண்டு போதும் போதுமெண்டு போட்டுது. நல்ல உறைப்பா ஒரு மீன்குழம்பு வைக்கப் போறன்."